பெரிய மென்பொருள் கம்பனியில் வேலை: மலையகப் பிள்ளைகள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

நான் டிக்கோயாப் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். 2016இலிருந்து கொழும்பில், பல நாடுகளில் வாடிக்கையாளர்கள் உள்ள ஒரு பெரிய நிறுவன மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிறேன். தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வீட்டுக்கு வந்தால், ஏ.எல். எழுதிவிட்டு இருக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய அம்மா அப்பாமாரும் கேள்விகளோடு வருவார்கள். ஹட்டன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தும் கேட்டிருக்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாம் என் அனுபவம். வேறு கம்பனியில் சில விஷயங்கள் மாறலாம்.

அக்கா, நிறுவன மென்பொருள் என்றால் என்ன? ஃபேஸ்புக், வாட்ஸ்அப் மாதிரியா?

இல்லை. ஃபேஸ்புக்கைத் தனி மனிதர்கள் பாவிக்கிறார்கள். நாங்கள் செய்வதை வாங்குவது கம்பனிகள். விமானம் பழுதுபார்க்கும் கம்பனி, மின்சாரம் விநியோகிக்கும் கம்பனி, உணவுத் தொழிற்சாலை, இப்படி.

இதை விளங்கிக்கொள்ள நீங்கள் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. உங்கள் தோட்டத்து ஆபீசை யோசித்துப் பாருங்கள். காலையில் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று கணக்கப்பிள்ளை குறிக்கிறார். மலையில் கொழுந்து நிறுத்து எடை எழுதுகிறார்கள். அது லொறியில் ஃபெக்டரிக்குப் போய், அங்கே திரும்ப நிறுக்கப்படுகிறது. ஸ்டோரில் உரமும் மருந்தும் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு புத்தகம். மாதக் கடைசியில் கிளாக்கர் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டைப் பார்த்து, எத்தனை பேர் (முழு நாள் சம்பளம்) விழுந்தது, எத்தனை அரைப்பேர், எவ்வளவு முற்பணம் கழிக்க வேண்டும் என்று சம்பளம் போடுகிறார். அப்புறம் கொழும்பு ஏலத்தில் தேயிலை என்ன விலைக்குப் போனது என்ற கணக்கு.

இத்தனை புத்தகங்களும் ஒன்றோடு ஒன்று பேசினால் எப்படி இருக்கும்? மலையில் எழுதிய எடை அப்படியே ஃபெக்டரிக் கணக்கிலும், சம்பளத்திலும், செலவுக் கணக்கிலும் தானாகப் போய் விழுந்தால்? அதைத்தான் ஈஆர்பி என்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் ஆள், பொருள், பணம் எல்லாவற்றையும் ஒரே தரவுத்தளத்தில் வைத்துக் கணக்குப் பார்க்கும் மென்பொருள்.

1972இல் ஜெர்மனியில் ஐபிஎம்மை விட்டு வந்த ஐந்து பேர் தொடங்கியதுதான் எஸ்ஏபி. இந்தத் துறையில் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று. 1977இல் அமெரிக்காவில் ஒரக்கிள் தொடங்கியது. 1983இல் சுவீடனில் ஐஎஃப்எஸ். அதைத் தொடங்கிய ஐந்து நண்பர்களும் முதல் வாடிக்கையாளரின் இடத்துக்கு வெளியே கூடாரம் அடித்துத் தங்கி வேலை செய்தார்கள் என்று சொல்வார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்கும். வாடிக்கையாளரின் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்காமல் இந்த மென்பொருளை எழுத முடியாது.

இலங்கையில் இப்படிக் கம்பனிகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. ஐஎஃப்எஸ் 1997இலிருந்து இலங்கையில் இயங்குகிறது. அதன் மென்பொருளில் பெரும் பங்கு இங்கே எழுதப்படுகிறது. வேர்ச்சுசா என்ற மென்பொருள் கம்பனி 1996இல் தொடங்கியது. பங்குச் சந்தைகளுக்கான மென்பொருள் எழுதிய மிலேனியம் ஐடி என்ற இலங்கைக் கம்பனியை லண்டன் பங்குச் சந்தை 2009இல் வாங்கியது. டபிள்யூஎஸ்ஓ2 2005இல் ஓர் இலங்கையரும் வேறு நாட்டவர்களும் சேர்ந்து தொடங்கியது. வேறு வேறு மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் வேலை அவர்களுடையது. இவை தவிர நூறு, இருநூறு பேர் உள்ள கம்பனிகள் கொழும்பில் நிறைய உண்டு.

காலையிலிருந்து மாலை வரை என்னதான் செய்வீர்கள்? நாள் முழுக்க கோட் அடிப்பதா?

இல்லை. இதைக் கேட்டுப் பல பிள்ளைகள் ஏமாந்து போவதைப் பார்த்திருக்கிறேன், ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு நாளில் புதிதாக நிரல் எழுதும் நேரம் இரண்டு மணித்தியாலம் இருந்தால் அது நல்ல நாள்.

காலை ஒன்பதரைக்கு டீம் கூடும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்று ஆளுக்கு ஒரு நிமிடம் சொல்ல வேண்டும். அப்புறம் டிக்கெட்டுகள். டிக்கெட் என்றால் ஒரு வேலை அல்லது ஒரு முறைப்பாடு. "இந்தத் திரையில் இறாத்தலைக் கிலோவாக மாற்றும்போது கடைசி இலக்கம் பிழையாக வருகிறது" என்று நோர்வேயிலிருந்து ஒரு வாடிக்கையாளர் எழுதியிருப்பார். அந்தப் பிழை ஏன் வருகிறது என்று தேட வேண்டும். தேடுவதற்கு ஒரு நாள் போகும். திருத்துவது இரண்டு வரி. அந்த இரண்டு வரி வேறு எதையும் உடைக்கவில்லை என்று சோதிக்க இன்னொரு நாள். நான் எழுதியதை வேறொருவர் வாசித்துப் பார்த்துக் குறை சொல்வார். நான் மற்றவர்கள் எழுதியதை வாசிப்பேன்.

நான் சேர்ந்த முதல் மாதம் எனக்குக் கொடுத்த கோப்பில் 1999ஆம் ஆண்டுத் தேதி போட்ட ஒரு குறிப்பு இருந்தது. நான் முதலாம் வகுப்புப் படித்த காலம். எழுதியவர் கம்பனியை விட்டுப் போய்ப் பல வருடம். அந்த நிரல் இன்றைக்கும் பல நாடுகளில் ஓடுகிறது. அதனால் ஒரு வரியை அழிக்க முன்னர் "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்டே ஆக வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது அதில் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. அறுபது வருடத் தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிறவர் எந்தக் கிளையை விடுவது என்று பார்த்துத்தான் கத்தி வைப்பார். இதுவும் அதே மாதிரி.

ஒரு வருடத்தில் ஒன்றிரண்டு தடவை புதிய பதிப்பு வெளியாகும். அதற்கு முந்திய மூன்று வாரம் நித்திரை குறையும். மற்ற நாட்களில் ஆறு மணிக்கு வெளியே வந்துவிடலாம்.

எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழ் மீடியத்தில் படித்தேன். சமாளிக்க முடியுமா?

இதுதான் அதிகம் பேர் கேட்கும் கேள்வி. இதற்குக் கொஞ்சம் நீட்டமாகப் பதில் சொல்கிறேன்.

வாசிக்கும் இங்கிலீஷ் முதல் நாளே வேண்டும். எழுதும் இங்கிலீஷ் ஒரு வருடத்தில் வரும், ஏனென்றால் டிக்கெட்டுகளில் எழுதும் வசனங்கள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருக்கும். பேசும் இங்கிலீஷ்தான் பயம் காட்டும். எனக்கும் பயம்தான். ஆனால் என்னைப் பின்னுக்கு இழுத்தது இங்கிலீஷ் இல்லை. அதை நான் பிந்தித்தான் கண்டுபிடித்தேன்.

சேர்ந்து இரண்டாவது மாதம். ஒரு வேலையில் மாட்டிக்கொண்டேன். காலைக் கூட்டத்தில் மூன்று நாள் தொடர்ந்து "வேலை போகிறது" என்று மட்டும் சொன்னேன். நான்காவது நாள் எங்கள் டீம் லீட் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சிங்களத்தில் கேட்டார்: "நீங்கள் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் காட்டியிருப்பேனே, ஏன் கேட்கவில்லை?" என்னிடம் பதில் இல்லை.

அன்று இரவு போர்டிங்கில் படுத்துக்கொண்டு யோசித்தேன். எங்கள் தோட்டத்தில் ஆபீசுக்குப் போவது என்றால் உள்ளே போவது இல்லை. ஜன்னலுக்கு வெளியே நிற்பது. துரை வரும்வரை, கிளாக்கர் நிமிர்ந்து பார்க்கும்வரை நிற்பது. என் அப்பா அரை மணி நேரம் மழையில் நின்றுவிட்டு, "நாளைக்கு வரச் சொன்னாங்க" என்று திரும்பி வந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். மேலே இருப்பவரிடம் கேள்வி கேட்காதே, கேட்டால் உனக்குத்தான் கரைச்சல் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பழகினேன். அது எனக்குள் இருந்தது. சுத்தமான இங்கிலீஷ் தெரிந்திருந்தாலும் அந்த மூன்று நாளும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

பெரிய கம்பனியில் வேலையின் பாதி, கேட்பது. யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது, வாடிக்கையாளரிடம் திருப்பி என்ன கேட்பது. கேட்காத ஆளை அடக்கமானவர் என்று யாரும் மெச்ச மாட்டார்கள். இவருக்கு வேலையில் அக்கறை இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் இங்கிலீஷ் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது: வகுப்பில் ஒரு நாளைக்கு ஒரு கேள்வியாவது எழும்பி நின்று கேளுங்கள். பிழையான இங்கிலீஷில் கேளுங்கள். "எனக்கு இது விளங்கவில்லை, இன்னொரு தடவை சொல்ல முடியுமா?" என்ற ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு வருடம் ஓட்டினேன்.

சிங்களம் தெரியாவிட்டால்?

வேலை இங்கிலீஷில் நடக்கும். சாப்பாட்டு மேசை சிங்களத்தில் நடக்கும். மேசையில் இருந்துதான் நட்பு வரும், எந்த டீமில் இடம் இருக்கிறது என்ற தகவலும் வரும். ஹட்டன் டவுனிலும் நுவரெலியாவிலும் நாம் பேசிப் பழகிய சிங்களம் போதும். இந்த விஷயத்தில் மலையகப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி இருக்கிறது என்றே சொல்வேன்.

என்ன படிக்க வேண்டும்? எனக்குக் கணிதப் பிரிவு கிடைக்கவில்லை.

பௌதிக விஞ்ஞானப் பிரிவில் நல்ல பெறுபேறு இருந்தால் மொறட்டுவை, பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம் என்று வழி தெரிந்ததுதான். நம் பக்கத்தில் பதுளையில் ஊவா வெல்லச பல்கலைக்கழகம் இருக்கிறது. பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி நடத்தும் பிஐடி என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தைப் பாருங்கள். பரீட்சைக் கட்டணம் தனியார் பட்டங்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆனால் தனியாக இருந்து படிக்கும் மனம் வேண்டும். உயர் தேசிய டிப்ளோமாவும் ஒரு வழி.

வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம், யாரும் சொல்லித் தராதது. ஈஆர்பி என்பது பாதிக்கு மேல் கணக்கியல். வரவு, செலவு, இருப்பு, தேய்மானம், விலைப்பட்டியல். வாடிக்கையாளரின் வேலையை விளங்கிக்கொண்டு, மென்பொருளை அவர்களுக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுக்கும் ஆலோசகர் வேலை இருக்கிறது. அதற்கு நிரல் எழுதத் தெரிவதைவிடக் கணக்குத் தெரிவது முக்கியம். என் டீமில் மிகவும் மதிக்கப்படும் ஒருவர் வர்த்தகம் படித்து, கணக்காய்வு நிறுவனத்தில் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர். கணக்கியலில் ஏ எடுத்த பிள்ளை "எனக்கு ஐடி கிடைக்காது" என்று இருந்தால் எனக்கு மனம் கேட்காது.

எதைப் படித்தாலும் எஸ்கியூஎல் படியுங்கள். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழி அது. ஒரு பழைய லெப்டொப்பும் இலவசமாகக் கிடைக்கும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளும் இருந்தால் போதும். உங்கள் அம்மாவின் சம்பளத் துண்டுகளை ஒரு வருடத்துக்கு அட்டவணையில் போட்டு, எந்த மாதத்தில் எவ்வளவு கழிக்கப்பட்டது என்று கேட்டுப் பாருங்கள். நேர்முகப் பரீட்சையில் அதைச் சொன்னால் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

நேர்முகப் பரீட்சை கடினமா?

எனக்கு மூன்று கட்டம் இருந்தது: கணினியில் ஒரு பரீட்சை, பொறியியலாளர்கள் இரண்டு பேர், கடைசியில் மனிதவளப் பிரிவு. பரீட்சைக்குப் பயிற்சி செய்தால் வரும். பொறியியலாளர்கள் விடையைவிட நீங்கள் யோசிக்கும் விதத்தைப் பார்க்கிறார்கள், சத்தமாக யோசியுங்கள்.

வேலை கிடைத்த பிறகு வந்த ஒரு சிக்கலைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் ஆட்களுக்கு மட்டும் வருவது. முகவரி. பெரிய கம்பனிகள் ஆளைச் சேர்க்க முன்னர் பின்புலம் பார்க்க வேறொரு நிறுவனத்திடம் கொடுப்பார்கள். வீட்டு இலக்கம், வீதி, தபால் வரும் இடம் என்று படிவம் கேட்கும். லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வீதிப் பெயர் கிடையாது. நம் கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யார் கையிலாவது கிடைக்கும். என் நியமனக் கடிதத்தின் மூலப் பிரதி ஆபீசில் பதினொரு நாள் கிடந்தது. நல்ல வேளை, மின்னஞ்சலிலும் அனுப்பியிருந்தார்கள். இன்னொரு பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கடிதமே பிந்திப் போயிருக்கிறது. இருநூறு வருடமாக ஒரே இடத்தில் வாழும் ஜனத்துக்குத் தனி முகவரி இல்லை என்பது எனக்கு இன்றைக்கும் கோபம் வரும் விஷயம்.

சரி, செய்ய வேண்டியது: அடையாள அட்டையில் உள்ள முகவரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் எல்லா இடத்திலும் எழுதுங்கள். தோட்டம், பிரிவு, லயன் இலக்கம், தபால் அலுவலகம் என்ற ஒழுங்கில். கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுத்துப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கி வையுங்கள். மனிதவளப் பிரிவுக்கு நீங்களே முதலில் எழுதுங்கள்: எங்கள் வீட்டுக்கு நேரடித் தபால் இல்லை, மூலப் பிரதியை நான் நேரில் வந்து எடுக்கிறேன் என்று. வெட்கப்பட எதுவும் இல்லை. நான் எழுதியபோது ஒரே நாளில் சரி என்றார்கள்.

சம்பளம் எவ்வளவு, அக்கா?

தொகையை எழுதினால் ஆறு மாதத்தில் பழையதாகிவிடும், ஒவ்வொரு கம்பனியும் வேறு. ஆனால் கடிதத்தில் உள்ள தொகையை எப்படி வாசிப்பது என்று சொல்லலாம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கொடுப்பனவு எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 சதவீதம் கழியும், கம்பனி 12 சதவீதம் போடும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி தன் பக்கத்திலிருந்து 3 சதவீதம் போடும். 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபாவுக்கு மேல் வரும் பகுதிக்குத்தான் வருமான வரி. ஐந்து வருடம் முடித்தால் பணிக்கொடைக்கு உரிமை உண்டு. வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கு. சேமலாப நிதி, பணிக்கொடை எல்லாம் தோட்டத்தில் அம்மாமாருக்கும் உள்ள உரிமைகள். அவர்களிடம் கேளுங்கள், உங்களைவிட நன்றாகத் தெரியும்.

2021இல் தோட்டத்து நாட்சம்பளத்தை 1,000 ரூபா ஆக்க எத்தனை வருடம் போராட்டம் நடந்தது என்று நமக்குத் தெரியும். 2024இல் அடிப்படை 1,350 ஆனது. 2016இல் என் முதல் மாதச் சம்பளம் வங்கியில் விழுந்த அன்று அம்மாவின் அந்த மாதத்துச் சம்பளத் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தோஷம் வரவில்லை. அம்மா அந்த மாதம் முழுக்க அட்டைக் கடியில் நின்றிருந்தாள். அந்த வித்தியாசத்தை எப்படி விளங்கிக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் பணம் பற்றி: முதல் வருடம் நான் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் அனுப்பினேன். நகை திருப்ப வேண்டியிருந்தது, தம்பியின் படிப்பு இருந்தது. அப்புறம் என்னிடம் வாடகைக்குக் காசு இல்லாமல் கூட வேலை செய்யும் பிள்ளையிடம் கடன் வாங்கினேன். ஒரு தொகையை முடிவு செய்து அதை வீட்டில் சொல்லிவிடுங்கள். கேட்கும்போதெல்லாம் கொடுப்பதைவிட, மாதம் தவறாமல் ஒரு தொகை வருவதுதான் வீட்டுக்கும் நல்லது.

பொம்பளப் பிள்ளையை எப்படி கொழும்புக்கு அனுப்புவது? இரவு வேலை இருக்குமாமே?

அம்மாமார் கேட்பது. நியாயமான கேள்வி. ஐரோப்பாவோடு வேலை செய்யும் டீம் என்றால் நமக்கு இரவு வேலை குறைவு: லண்டன் நம்மைவிடக் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரம், கோடையில் நாலரை மணி நேரம் பின்னுக்கு. அவர்களின் காலை நமக்கு மதியம் கடந்து வருகிறது. அமெரிக்க வாடிக்கையாளர் என்றால் நியூயோர்க் ஒன்பதரை, பத்தரை மணி நேரம் பின்னுக்கு; அங்கே இரவு அழைப்புகள் வரும். எந்த நாட்டு வாடிக்கையாளர், இரவு வேலை உண்டா, உண்டென்றால் வாகனம் கொடுப்பார்களா என்று நேர்முகப் பரீட்சையிலேயே பிள்ளை கேட்கலாம். கேட்டதற்காக யாரும் வேலையை மறுத்து நான் பார்க்கவில்லை.

தங்குமிடம்தான் உண்மையான சிரமம். நான் முதலில் தெமட்டகொடையில் ஒரு வீட்டில் ஆறு பேரோடு ஓர் அறையில் இருந்தேன். தமிழ்ப் பிள்ளை என்றதும் "அறை போய்விட்டது" என்று சொன்ன வீடுகளும் உண்டு. ஊர்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுப்பதே நல்லது. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, வத்தளைப் பக்கங்களில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். கோயிலில் விசாரித்தால் வழி பிறக்கும்.

தோட்டத்திலிருந்தே வேலை செய்ய முடியாதா?

2020இல் ஊரடங்கு வந்தபோது நான் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து நாலு மாதம் வேலை செய்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஐந்து பேர். சிக்னல் வீட்டுக்குள் இல்லை. கோயில் பக்கத்து மேட்டில் இருந்தது. கூட்டங்களுக்குக் குடையோடு மேட்டுக்குப் போவேன், மிச்ச நேரம் வீட்டில் இருந்து நிரல் எழுதுவேன். அதே மேட்டில் ஒன்லைன் வகுப்புக்குப் பள்ளிப் பிள்ளைகளும் வந்து நின்றார்கள். மழை காலத்தில் கரண்ட் போனால் ஒரு நாள் முழுக்க வராது.

இப்போது கூரையில் ரூட்டர் வைத்த வீடுகள் உண்டு, நிலைமை கொஞ்சம் நல்லது. பல கம்பனிகள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்தால் போதும் என்கின்றன. ஆனால் முதல் வருடம் ஆபீசுக்குப் போங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பிக் கேட்கும் வாய்ப்பு வீட்டில் கிடைக்காது. அனுபவம் வந்த பிறகு ஹட்டனிலோ கண்டியிலோ அறை எடுத்து வேலை செய்கிறவர்களை எனக்குத் தெரியும்.

எங்களைக் கீழாகப் பார்ப்பார்களா?

பெரும்பாலும் இல்லை. சில நேரம் ஆம். "எந்த ஊர்?" என்று கேட்டு, நுவரெலியா மாவட்டம் என்றதும் குதிரைப் பந்தயம், ஸ்ட்ரோபெரி என்று பேசுவார்கள். தோட்டம் என்றதும் ஒரு சின்ன மௌனம் வரும். ஆரம்பத்தில் நான் "ஹட்டன் டவுன்" என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் எனக்கு ஒரு நன்மையும் கிடைக்கவில்லை. வீட்டு நிலைமை காரணமாக லீவு கேட்கும்போதெல்லாம் புதிய பொய் சொல்ல வேண்டி வந்தது. ஒரு நாள் உண்மையைச் சொன்னேன். கூட வேலை செய்த இன்னொருவர், எனக்கு மூன்று வருடம் முன்னால் சேர்ந்தவர், மதியச் சாப்பாட்டின்போது வந்து "நானும் பொகவந்தலாவை" என்றார். இத்தனை வருடமாக அவரும் சொல்லவில்லை.

வேலை நிரந்தரமா? திடீரென்று நிறுத்துவார்களா?

நிறுத்துவார்கள். பெரிய கம்பனி கைமாறும்போது, வெளிநாட்டுத் தலைமையகத்தில் செலவைக் குறைக்கும்போது, இங்கே ஒரு டீமே இல்லாமல் போகலாம். நான் பார்த்திருக்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நாலு பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு அவர்களின் மேசைகள் வெறுமையாக இருந்தன. நாலு பேரும் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

இதைக் கவனமாக வாசியுங்கள். இலங்கையில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் அல்லாமல் ஓர் ஊழியரை நிறுத்த வேண்டுமானால் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். முந்திய பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது 180 நாள் வேலை செய்தவர்களுக்கு இது பொருந்தும். அப்படியென்றால் உங்கள் கையெழுத்துக்கு ஒரு பெறுமதி இருக்கிறது. அன்றே போடாதீர்கள். "வாசித்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். எத்தனை மாதச் சம்பளம் தருகிறார்கள், மீதி லீவுக்குப் பணம் உண்டா, காப்புறுதி எதுவரை என்று கேளுங்கள். அந்த நாலு பேரில் இருவர் பிறகு என்னிடம், "கேட்கலாம் என்றே தெரியாது" என்றார்கள்.

தோட்டத்தில் நம் அம்மா அப்பாமார் மாதாமாதம் தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார்கள். சங்கத்தின் மேல் ஆயிரம் குறை இருந்தாலும், தனியாக நின்று பேசக் கூடாது என்ற அறிவு அவர்களுக்கு இருக்கிறது. என் ஆபீசில் அப்படி எதுவும் இல்லை. இதை நான் ஒரு குறையாகவே நினைக்கிறேன்.

பதவி உயர்வு எப்படிக் கிடைக்கும்?

வருடத்துக்கு ஒரு தடவை மதிப்பீடு. நீங்கள் செய்ததை நீங்களே எழுத வேண்டும். நல்ல வேலை செய்தால் தானாகத் தெரியும் என்று இருந்த எனக்கு முதல் இரண்டு வருடமும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வருடம், மாதாமாதம் ஒரு கொப்பியில் குறித்து வைத்து, எந்த வாடிக்கையாளரின் எந்தப் பிரச்சினையைத் தீர்த்தேன் என்று எழுதினேன். அந்த வருடம் கிடைத்தது.

வெளிநாடு போகலாமா?

போகலாம். 2022இல் ரூபா விழுந்து, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தில், எட்டுப் பேர் இருந்த என் டீமில் ஐந்து பேர் ஒன்றரை வருடத்துக்குள் போய்விட்டார்கள். நான் போகவில்லை. தம்பி அப்போது படித்துக்கொண்டிருந்தான்.

ஏஐ வந்தால் இந்த வேலை இருக்குமா?

இரண்டு வரித் திருத்தத்தை இப்போது அதுவே எழுதித் தருகிறது. அந்த இரண்டு வரி எந்த வாடிக்கையாளரின் சம்பளக் கணக்கை உடைக்கும் என்று பார்ப்பது இன்னும் நம்மிடம் இருக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இடம் குறையலாம் என்று நினைக்கிறேன். அதனால்தான் கணக்கும், வாடிக்கையாளரின் தொழிலும் தெரிந்திருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

உங்கள் அம்மாவுக்கு நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று தெரியுமா?

பல வருடம் "கம்பியூட்டர் வேலை" என்றுதான் சொல்லி வந்தாள். ஒரு தடவை பொங்கலுக்கு வந்திருந்தபோது லெப்டொப்பில் ஒரு பயிற்சித் திரையைக் காட்டினேன். தொழிற்சாலைக்கு வரும் மூலப்பொருளை நிறுத்துப் பதியும் இடம் அது. மொத்த எடை, கழிவு, மிச்ச எடை என்று மூன்று பெட்டி. தமிழில் சொன்னேன்.

அம்மாவுக்கு வேறு எதையும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அவள் முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்தவள். ஒரு பேருக்கு 16, 18, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்; அதற்கு மேல் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோக் கணக்கில் கழிப்பார்கள். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் மாலை நிறுவைக்கு அம்மாவோடு போயிருந்தேன். மூன்று கிலோ கழித்து எழுதியதும் அம்மா நகரவில்லை. "முள்ளக் காட்டுங்க ஐயா, நான் பாக்கணும்" என்றாள். பின்னால் நின்ற பெண்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர் தராசைத் திருப்பிக் காட்டினார். அன்று ஒரு கிலோ கூடியது. அடுத்த வாரம் முழுக்க அம்மாவைத் தூர மலைக்கு அனுப்பினார்கள்.

திரையைப் பார்த்துக்கொண்டே அம்மா கேட்டாள்: "இந்தக் கழிவ யாரு போடுறது?"

பதிகிறவர் போடலாம், அல்லது முன்கூட்டியே ஒரு சதவீதம் வைத்துவிடலாம் என்றேன். யார் மாற்றினார், எத்தனை மணிக்கு மாற்றினார் என்று பின்னால் பதிவாகும் இடத்தையும் திறந்து காட்டினேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத வேல செய்றவங்க பாக்க ஏலுமா?"

மென்பொருளை வாங்கும் கம்பனி அனுமதி கொடுத்தால் பார்க்கலாம் என்றேன். அந்தத் திரையில் அப்போது மேற்பார்வையாளருக்கும் கணக்காளருக்கும் மட்டும்தான் அனுமதி இருந்தது.